மகாராஜாவுக்கு இடம் விட்ட கச்சேரி

என்னுடைய மடத்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் மற்றவர்களைக் கேலி செய்ய எனக்குக் கொஞ்சம் உரிமை வந்துவிடும்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. நீச்சலும் தெரியாது. இரண்டும் தெரியாத ஒருவன், தண்ணீருக்கு மேலே நடக்கிற சங்கீதக் கச்சேரிக்குச் சுருதிப்பெட்டி போட ஒத்துக்கொண்டு சாத்தூரிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குப் புறப்பட்டான் என்றால், யாரோ கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. வாயைக் கொடுத்து நானே வாங்கிக்கொண்டது. தீபாவளிக்கு அக்கா வந்திருந்தபோது, எங்கள் தீப்பெட்டிக் கம்பெனி சரஸ்வதி பூஜையில் நான் சுருதிப்பெட்டி போட்டதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது மதுரையில் ஒரு சபாவில் நடந்ததாக ஆகிவிட்டது. பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த அத்தான் அதை மறக்கவில்லை.

நாகர்கோவில் அப்போது எங்களுக்கு வெளிநாடு. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து ஒரு ராஜ்யமாகியிருந்தன. மகாராஜாவுக்கு ராஜப்பிரமுகர் என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். இந்தச் சீமை அங்கே இருக்க வேண்டுமா, எங்கள் பக்கம் வரவேண்டுமா என்று சந்திக்குச் சந்தி கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது அடித்த காற்றில் என் துண்டு மட்டும் அவர்கள் பக்கம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டது.

காற்றோடு நிற்கவில்லை. பஸ் மூச்சு வாங்கி நின்றது. கண்டக்டர் என் கூஜாவைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். "குடிக்கத் தண்ணி பெறவு கிடைக்கும் சாரே, வண்டிக்கு இப்பம் வேணும்" என்று வாங்கி இஞ்சினுக்கு ஊற்றிவிட்டார். எங்கள் சாத்தூரில் ஆறு என்ற பெயரில் மணல் உண்டு. அந்த மணலைத் தோண்டி எடுத்த தண்ணீர் அது. நாலு பக்கமும் குளமும் வயலுமாக நிறைந்து கிடக்கிற நாட்டுக்குள் நுழையும் வண்டிக்கு சாத்தூர்த் தண்ணீர்தான் தேவைப்பட்டது. வண்டியைத் தள்ள எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். நான் மடியிலிருந்த பெட்டியைக் காட்டி, "வாத்தியம்" என்றேன். வாத்தியத்துக்கு மரியாதை உள்ள ஊர். என்னை உள்ளே வைத்தே தள்ளினார்கள்.

அக்கா வீடு கோட்டாறில், கடைத்தெருவுக்குப் பின்னால். போனதும் சோறு. சிவப்பு அரிசி. மேலே தீயல், பக்கத்தில் எரிசேரி, அப்புறம் ரசத்தில் ஊறிக் கிடக்கிற பருப்பு வடை. எல்லாவற்றிலும் தேங்காய், எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய். எங்கள் பக்கத்தில் அந்த எண்ணெயைத் தலைக்குத் தேய்ப்போம். முதல் கவளத்தில் என் தலைமுடியையே தின்பது போல இருந்தது. மூன்றாவது கவளத்தில் என் தலைமுடி இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டேன்.

"ஏலே, சோறு திங்க வந்தியா, சுருதி போட வந்தியா?" என்றாள் அக்கா, நாலாவது வடையை வைத்துக்கொண்டே.

அத்தான் தாணுப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல சாரீரம். கோயிலிலும் கல்யாணத்திலும் பாடுவார். ஆனால் யாராவது தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் தொண்டை அடைத்துவிடும். கல்யாணத்தில் அந்த ஆபத்து இல்லை, எல்லோரும் பந்தியைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே பாஸாகிப் போன பையன்கள் உண்டு என்று அக்கா சொல்வாள்.

அவர் வெளியே போனதும் அக்கா கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டுக்கோ. அவிய ரெண்டு மட்டம் திருவனந்தபுரம் ரேடியோவுக்குப் பரீட்சைக்குப் போயிட்டு, வாயத் தொறக்காமத் திரும்பி வந்தாவ. கண்ணாடிக்குப் பின்னால நாலு பேரு நின்னு பாத்தானுவளாம். இப்பம் அந்த ரேடியோ அதிகாரியே வள்ளத்துக் கச்சேரிக்கு வாறாரு. பாட்டு பிடிச்சுப் போச்சுன்னா பரீட்சை கிரீட்சை ஒண்ணும் வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"பிடிக்காமப் போனா?"

"இனிமே குளிக்கையிலகூடப் பாடமாட்டேன்னு குமாரகோயில் முருகன் முன்னால சொல்லிட்டு வந்திருக்காவ. கணக்கு வாத்தியாரு, சொன்னா சொன்னதுதான். தம்புராக் குடமும் விரிசல் விட்டுப் போச்சு. உன்னை நம்பித்தான் இருக்காவ."

அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் வடை இருந்தது.

அதோடு எனக்கும் ஒரு ஆசை முளைத்துவிட்டது. அத்தானை ரேடியோவுக்குக் கூப்பிட்டால், சுருதிப்பெட்டி போடுகிறவனையும் கூப்பிட வேண்டியதுதானே. ஊம் என்கிற சத்தம் சாத்தூர் வரைக்கும் கேட்கும். கம்பெனி மானேஜரிடம், "அது நான்தான் சார்" என்று சொல்லலாம். அன்று சாயங்காலமே ரேடியோவுக்குப் போக எந்தச் சட்டை போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். ரேடியோவில் சட்டை தெரியாது என்பது மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாம் நாள் ஒத்திகை. அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தோடி பாடினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சங்கீதம் தெரியாத நானே சொக்கிப்போனேன். சொக்கிய வேகத்தில் பெட்டியை அழுத்துவதை நிறுத்திவிட்டேன்.

"மாப்பிள்ளே, மதுரையில இப்படித்தான் நடுவுல நிறுத்துவாவளா?" என்று கேட்டார் அத்தான்.

"அங்கே அது ஒரு பாணி" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். இவ்வளவு நல்லவர்களிடம் பொய் சொல்வது சுலபமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மேற்கே கடற்கரை ஓரம் கால்வாய்க்குப் போனோம். அந்தக் காலத்தில் ராஜகுடும்பம் போய்வருவதற்காகக் கடலை ஒட்டி வெட்டத் தொடங்கி, முழுவதும் வெட்டி முடிக்காமல் விட்ட கால்வாய். அதில் ஒரு பெரிய வள்ளம், பலகைக் கூரை போட்ட படகு, ஜன்னலெல்லாம் செதுக்கு வேலை. ஒரு மகாராஜா இதில் பிரயாணம் செய்தார் என்றார்கள். எந்த மகாராஜா என்று கேட்டேன். மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

வள்ளத்தை ஏலத்தில் எடுத்திருந்தவர் மார்த்தாண்டத்துக் கொப்பரை வியாபாரி ஒருவர். வாரம் முழுவதும் அதில் கொப்பரைச் சாக்கு போகும். வெள்ளிக்கிழமை கழுவிவிட்டுச் சனிக்கிழமை சங்கீதம். அதற்காக ஒரு ரசிகர் குழு வைத்து, அவரே தலைவராகவும் இருந்தார். ஜரிகை அங்கவஸ்திரம், காதில் கடுக்கன், பக்கத்தில் போனால் கொப்பரை வாசனை. வள்ளமும் அவரும் ஒரே வாசனையாக இருந்ததால் யார் யாருக்குச் சொந்தம் என்பதில் சந்தேகம் வரவில்லை.

உள்ளே வலது பக்கம் நீளத்துக்கும் உயரமான ஒரு மேடைப்பலகை. அதன்மேல் சிவப்பு வெல்வெட் மெத்தை. முன்னால் குறுக்கே ஒரு பூமாலை கட்டி, குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். மகாராஜா அமர்ந்த இடம். அங்கே யாரும் உட்காரக்கூடாது. ஆகவே வந்திருந்த அத்தனை ரசிகர்களும், வித்துவான்களும், நானும் இடது பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். வள்ளம் இடது பக்கமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

மூங்கில் கழி ஊன்றித் தள்ளுகிற வள்ளக்காரர் பொன்னையன் எட்டிப் பார்த்தார்.

"முதலாளி, ஒரு பத்துப் பேரு அந்தப் பக்கம் மாறி இருந்தாக் கொள்ளாம்."

"அது தம்புரானுக்க இடமாக்கும்."

"தம்புரான் வருவாரா?"

"வரமாட்டாரு."

"அப்பம் யாரு இருக்கது?"

"ஒருத்தரும் இருக்கப்படாது."

"நேத்து வரைக்கும் கொப்பரைச் சாக்குல்லா இருந்துது" என்றார் பொன்னையன்.

"கொப்பரைக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் இல்லியா வே?" என்று தலைவர் கேட்க, ரசிகர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தார்கள். ராஜாவின் ஆட்சி போய் வருஷங்கள் ஆகியிருந்தன. ஓட்டுப் போட்டு மந்திரிகளை உட்காரவைத்தும் ஆயிற்று. இருந்தாலும் அந்தக் காலி மெத்தையைக் கடந்து போகும்போது ஒவ்வொருவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு குனிவு குனிந்தார்கள். நானும் குனிந்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். முன்னால் போனவர் குனிந்தார்.

ரேடியோ அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், தங்க பிரேம் கண்ணாடி, கையில் மடித்த வெள்ளைக் கைக்குட்டை. வந்ததும் மலையாளத்தில் ஒரு கேள்வி கேட்டார். தமிழில் சொன்னால், "இது என்ன வாசனை?"

"கடல் காற்று" என்றார் தலைவர்.

கடல் காற்று இல்லை. தேங்காய் மட்டையை அங்கே கதம்பை என்கிறார்கள். கயிறு திரிப்பதற்காக அதைக் கால்வாய் ஓரத்தில் குறுக்குக் கம்பு நட்டு மாதக்கணக்கில் அழுகப் போட்டிருப்பார்கள். அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் நீங்கள் பத்திரிகையைத் தள்ளி வைத்துவிடுவீர்கள்.

வள்ளம் நகர்ந்தது. அத்தான் காலி மெத்தையைப் பார்த்து உட்கார்ந்து பாடத் தொடங்கினார். பார்ப்பதற்கு ஆள் இல்லாத இடம் அது ஒன்றுதான். நான் அவருக்குப் பின்னால், இடது விளிம்பை ஒட்டி. எட்டிப் பார்த்தால் தண்ணீர், எட்டிப் பார்க்காவிட்டாலும் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். ரசிகர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "சுருதி போடுகிறவருக்கு என்ன ஈடுபாடு பாத்தியளா" என்றது காதில் விழுந்தது.

கரையில் கதம்பை அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"கல்யாண வள்ளமா?"

"இல்லட்டி, ஒருத்தரும் சிரிக்கல்லியே."

"அப்பம் சாவா?"

"அழவும் இல்லியே."

"பின்னே என்னத்துக்கு இத்தனை பேரு ஒரு சைடா இருக்கானுவ?"

இந்தக் கடைசிக் கேள்வியை அன்று வள்ளத்துக்குள் யாரும் கேட்கவில்லை.

ஒரு கீர்த்தனை முடிந்தது. அதிகாரியைப் பார்த்தேன். கைக்குட்டையை மூக்கிலும் கண்ணிலும் வைத்திருந்தார். கண்ணில் நீர். நான் அத்தான் முதுகில் தட்டி, "அழுகிறார் அத்தான், உருகிவிட்டார்" என்றேன். அத்தான் காதுமடல் சிவந்தது. அடுத்ததை இன்னும் உருக்கமாகப் பாடினார். அதிகாரி இன்னும் அழுதார். கொஞ்ச தூரம் போனதும்தான் கவனித்தேன், பாட்டு இல்லாத நேரத்திலும் அவர் அழுதுகொண்டிருந்தார். கதம்பைக் குழி நெருங்க நெருங்க அழுகை அதிகமாயிற்று. இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. தலைவரும் மற்ற ரசிகர்களும் மூக்கைத் தொடாமல் ஆகா ஆகா என்று வாயால் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அத்தான் தோடியை எடுத்தார். சுவரைப் பார்த்துப் பாடிய அதே தோடி. இரண்டு தடவை கண்ணாடிக்குப் பின்னால் நின்றவர்களுக்குப் பாடாமல் கொண்டுவந்தது இதைத்தான் என்று எனக்குப் புரிந்தது. மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வள்ளம் சடக்கென்று நின்றது. சாய்ந்திருந்த இடது விளிம்பு கதம்பைக் குழியின் குறுக்குக் கம்பின் மேல் போய் மாட்டிக்கொண்டது. தண்ணீர் விளிம்பு தாண்டி எட்டிப் பார்த்து, என் வேட்டியை விசாரித்தது. மிருதங்கம் உருண்டு ஒரு ரசிகரின் மடியில் போய் உட்கார்ந்தது.

"எல்லாரும் அந்தப் பக்கம் மாறுங்க, தன்னால நிமிரும்" என்று பொன்னையன் கத்தினார்.

யாரும் அசையவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் மெத்தையைப் பார்த்தார். அந்தப் பக்கம் முழுவதும் மெத்தைதான்.

"ஒருத்தரும் மெத்தை மேல கால் வைக்கப்படாது. கரையில இறங்கிக்கிடலாம். இவரு வண்டிக்கும் நேரமாச்சு." அதிகாரியைக் காட்டிவிட்டு அத்தான் பக்கம் திரும்பினார். "பிள்ளைவாள், மங்களத்தைப் பாடி முடிச்சிரும்."

மங்களம் பாடினால் கச்சேரி முடிந்தது. அதிகாரி இதுவரை கேட்டதெல்லாம் கைக்குட்டை வழியாக. அத்தான் தலையைக் குனிந்துகொள்வார், மங்களம் பாடுவார், அதற்கப்புறம் குளிக்கையிலகூடப் பாடமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். வாழ்க்கையில் யார் எதைச் சொன்னாலும் 'சரி சரி' என்றே வாழ்ந்த மனிதர்.

அவர் தலையைக் குனியவில்லை. தோடியை விடவும் இல்லை. பாடிக்கொண்டே எழுந்தார். இரண்டடி நடந்து பூமாலையைத் தாண்டினார். சிவப்பு மெத்தையில் நடுவாக உட்கார்ந்து, எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டு பாடினார். அவர் முகத்தை நேருக்கு நேர் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன் என்று தோன்றியது.

தலைவர் வாயைத் திறந்தார். அத்தான் மேல் ஸ்தாயியில் நின்றிருந்ததால் தலைவர் சொன்னது கேட்கவில்லை.

பிடில்காரர் தயங்கினார். பாடுகிறவர் எங்கே போகிறாரோ அங்கே போவதுதானே பக்கவாத்தியத்தின் வேலை. அவரும் எழுந்து போனார். மிருதங்கக்காரர் வாத்தியத்தை மீட்டுக்கொண்டு போனார். அதிகாரி போனார். அவருக்குப் பின்னால், ஒருவர் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தால் பாவம் குறைவு என்ற கணக்கில், ரசிகர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். முதலில் நுனியில் உட்கார்ந்தார்கள். அப்புறம் சாய்ந்துகொண்டார்கள். வள்ளம் ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்து, கம்பை விட்டு விலகியது.

இடது பக்கம் மிஞ்சியது இரண்டே பேர், தலைவரும் நானும். அவருக்கு ராஜபக்தி. எனக்குக் கால் எழும்பவில்லை.

வள்ளம் நிமிர்ந்த வேகத்தில் உள்ளே கிடந்த தண்ணீர் அலையாக வந்து என் பெட்டிக்குள் புகுந்துவிட்டது. நான் கடமை தவறாமல் அழுத்தினேன். ஊம் வரவில்லை. கன்றுக்குட்டியை யாரோ மிதித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் அழுத்தினேன். அதே கன்றுக்குட்டி. அத்தான் பாடிக்கொண்டே என்னைப் பார்த்தார். அக்காவைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு விரலைத் தூக்கி, நிறுத்து என்றார்.

நிறுத்தினேன். அதற்கப்புறம் பாடியதுதான் பாட்டு. வித்தியாசம் எனக்கே தெரிந்தது, அதுதான் வருத்தம். கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டு பொன்னையன் விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். வள்ளம் கதம்பைக் குழிக்கு நேர் பக்கத்தில், நாற்றத்தின் கர்ப்பக்கிருகத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தேன். அவர் கைக்குட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டிருந்தார். கண்ணில் நீர் இல்லை. கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

துறையில் வந்து இறங்கினோம். தலைவர் பொன்னையனிடம், "தந்திரியைக் கூட்டி மெத்தைக்குத் தீட்டுக் கழியப் புண்ணியாகம் செய்யணும்" என்றார்.

"திங்கக்கிழமை கொப்பரை ஏத்துகதுக்கு முன்னாலயா, பின்னாலயா முதலாளி?" என்று பொன்னையன் கேட்டார். தலைவர் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அத்தான் ஒரு தென்னைமரத்தடியில் நின்று மட்டி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளே, எனக்குப் போய்க் கேக்கப் பயமா இருக்கு, நீ கேளேன்" என்றார். மெத்தையில் ஏறியவர் இறங்கியதும் பழைய அத்தானாகிவிட்டார்.

எனக்கு அந்தப் பயம் இல்லை. தண்ணீரை விட்டு இறங்கியிருந்தேன். வேட்டியைப் பிழிந்து, தலையைக் கோதி, கன்றுக்குட்டிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காரில் ஏறப்போன அதிகாரி முன்னால் போய் நின்றேன். என்னை அறிமுகம் செய்துகொண்டேன். மதுரைச் சபாவையும் விட்டுவிடவில்லை. பிறகு, எங்கள் குழுவின் சார்பாகக் கேட்கிற தோரணையில், "நாங்கள் எப்போது ரேடியோவுக்கு வரட்டும்?" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார். அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். கார்க் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்:

"அவரை அனுப்பும், சுருதிப்பெட்டி அங்கே உண்டு."